ஓர் அளவுக்கு ஒரே வகை: கர்னலில் கைவைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வேங்கிக்காலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்துகொண்டு, பகலில் படிப்போ வேலையோ பார்த்து, இரவில் லினக்ஸ் கர்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கலெக்டர் ஆபீஸ் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், வேலூர் ரோட்டில் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள், வீட்டிலிருந்தபடியே வெளியூர் கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் என்று உங்களில் பலவகை உண்டு. நீங்கள் அனுப்பும் பேட்ச்களைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். லாக்கை ஒழுங்காகப் போடுகிறீர்கள். வாங்கிய நினைவகத்தைத் தவறாமல் திருப்பித் தருகிறீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கிட்டத்தட்ட எல்லோருமே அசட்டையாக இருக்கிறீர்கள். முழு எண்ணை எந்த வகையில் வைப்பது என்பதுதான் அது.

ஒரே எண் உங்கள் கோடில் ஒரு ஃபங்ஷனில் இன்ட் ஆக இருக்கிறது. அடுத்ததில் யு32 ஆகிறது. அதற்கடுத்ததில் அன்சைன்ட் லாங். கம்பைலர் எதுவும் சொல்லவில்லை, ஓட்டிப் பார்த்தால் ஓடுகிறது, அதனால் நீங்களும் விட்டுவிடுகிறீர்கள். நான் உங்களிடம் கேட்பது இதுதான்: ஓர் அளவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே அதன் வகையைத் தீர்மானியுங்கள். கடைசிவரை அதே வகையில் கொண்டுபோங்கள். இடையில் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், மாற்றுகிற அந்த வரியில் நின்று, எண் புது வகைக்குள் அடங்குமா என்று சரிபார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சாதாரண நிரலில் இந்தத் தவறு நேர்ந்தால் அந்த ஒரு நிரல்தான் விழும். கர்னலில் நேர்ந்தால் அந்தக் கணினியில் இருக்கும் அத்தனை பேரின் கணக்கும் கோப்பும் மாட்டிக்கொள்ளும். இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

2021 ஜூலை 20 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் லினக்ஸ் கர்னலில் இருந்த ஒரு பிழையை வெளியிட்டது. எண் சிவிஇ-2021-33909, அவர்கள் வைத்த பெயர் சீக்வோயா. எந்தச் சிறப்பு அனுமதியும் இல்லாத ஒரு பயனர், உபுண்டு, டெபியன், ஃபெடோரா கணினிகளில் ரூட் ஆகிவிட முடியும் என்று செய்தே காட்டினார்கள். அந்தப் பிழை 2014-இல் வந்த 3.16 கர்னலிலிருந்தே உள்ளே இருந்தது. ஏழு ஆண்டுகள் உலகெங்கும் எத்தனையோ பேர் கடந்துபோன கோடுதான் அது.

உள்ளே நடந்தது என்ன என்பதை நிதானமாகப் பாருங்கள். ப்ராக் அடைவுக்குள் இருக்கும் கோப்புகளை நாம் படிக்கும்போது, கர்னல் அவற்றுக்கு ஒரு பஃபர் ஒதுக்கி, அதில் எழுதித் தருகிறது. இடம் போதவில்லை என்றால் பஃபரை இருமடங்காக்கும். அப்போதும் போதாவிட்டால் மறுபடி இருமடங்கு. அந்தப் பஃபரின் அளவு சைஸ்-டி வகையில் இருந்தது. 64 பிட் கணினியில் அது 64 பிட் அகலம், கழித்தல் குறி கிடையாது. இப்போது ஒருவர் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுமார் பத்து லட்சம் அடைவுகளை உருவாக்கி, மொத்தப் பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டும்படி செய்கிறார். அதை மவுன்ட் செய்து, அடைவை அழித்துவிட்டு, மவுன்ட் பட்டியலைப் படிக்கிறார். பஃபர் இருமடங்கு இருமடங்காக வளர்ந்து 2 ஜிபியைத் தொடுகிறது. அதாவது 214,74,83,648 பைட். சைஸ்-டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் பாதையை எழுதித் தரும் அடுத்த ஃபங்ஷன், பஃபரின் நீளத்தை இன்ட் ஆக வாங்கிக்கொண்டது. இன்ட் ஏற்கக்கூடிய உச்ச எண் 214,74,83,647. ஒன்றே ஒன்று கூடிவிட்டது. அந்த ஒன்றால் எண் தலைகீழாகப் புரண்டு மைனஸ் 214,74,83,648 ஆனது. அந்த ஃபங்ஷன் பாதையைப் பஃபரின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி எழுதுவது. கடைசி எது என்று அறிய, தொடக்க முகவரியோடு நீளத்தைக் கூட்டும். 2 ஜிபி முன்னால் போய் நிற்கவேண்டியது, 2 ஜிபி பின்னால் போய் நின்றது. அங்கே, தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில், 10 பைட்களை எழுதியது. அந்தப் பத்து பைட் போதுமாக இருந்தது, ரூட் ஆவதற்கு.

இதில் எந்த ஃபங்ஷன் தப்பு? தனித்தனியே பார்த்தால் ஒன்றுமே இல்லை. பஃபரை வளர்த்தவர் சைஸ்-டி பயன்படுத்தியது சரி. பஃபரின் நீளத்தை இன்ட்டில் வாங்கியவரும் நியாயமாகத்தான் நினைத்திருப்பார். சாதாரணமாக அங்கே வரும் பஃபர் ஒரு பக்க அளவு, 4,096 பைட். இரண்டு சரியான ஃபங்ஷன்கள் சேரும் மூட்டில்தான் ஓட்டை விழுந்தது. ஒரே அளவுக்கு இரண்டு வகை வைத்ததன் விலை அது. ரிவ்யூ செய்யும்போது ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியே படித்தால் இந்த ரகப் பிழை கண்ணில் படவே படாது. ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் கூடவே போனால்தான் படும்.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம். உங்களில் ஒரு குழு, ஏரியின் நீர்மட்டத்தை அளக்கும் ஒலி உணரிக்கு டிரைவர் எழுதி அனுப்பியிருந்தது. மேலே கம்பத்தில் உணரி. நீர்ப்பரப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது என்று 16 பிட் எண்ணாகச் சொல்லும். ஐ2சி வழியாக அதைப் படிக்கக் கர்னலில் ஒரு தயார் ஃபங்ஷன் இருக்கிறது. அது திருப்பித் தரும் வகை எஸ்32. வருவது 16 பிட் எண்தானே, எதற்கு 32 பிட், அதுவும் குறியுள்ள வகை என்று தோன்றும். காரணம் உண்டு. படிப்பு வெற்றி என்றால் 0 முதல் 65,535 வரை ஓர் எண் வரும். தோல்வி என்றால் கழித்தல் குறியோடு பிழை எண் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் ஒரே பெட்டியில் அடங்க 16 பிட் போதாது. அதனால்தான் எஸ்32.

அனுப்பப்பட்ட டிரைவரில் அந்த விடை நேராக ஒரு யு16 மாறியில் வாங்கப்பட்டிருந்தது. அடுத்த வரியில், அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் பிழை என்று ஒரு சோதனை. குறியற்ற எண் பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாது. ஆகவே அந்தச் சோதனை என்றைக்கும் பலிக்காது. ஒயர் தளர்ந்து படிப்பு தோற்றால் கர்னல், உதாரணத்துக்கு, மைனஸ் 5 என்று சொல்லும். யு16-இல் அது 65,531 ஆகிவிடும். டிரைவர் அதை நம்பி, நீர்ப்பரப்பு உணரிக்கு 65 மீட்டர் கீழே இருக்கிறது என்று மேலே அறிவிக்கும். பிழை நடந்தது என்ற செய்தியே யாருக்கும் போகாது.

திருத்தம் இரண்டே வரி. விடையை எஸ்32-இலேயே வாங்குங்கள். கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பிழை எண்ணை அப்படியே திருப்பி அனுப்புங்கள். இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் யு16-க்கு மாற்றுங்கள். வகை மாறுகிற இடமும் சரிபார்க்கிற இடமும் அருகருகே இருக்கவேண்டும். பின்னால் படிக்க வருபவருக்கு அது ஒரே பார்வையில் தெரியவேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். நெல் இத்தனை கலம் என்று மட்டும் அங்கே சொல்லி விடுவதில்லை. ஆடவல்லான் என்ற மரக்காலால் அளந்தது, அந்த மரக்கால் ராஜகேசரி என்ற மரக்காலுக்குச் சமம் என்று சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். பொன்னை நிறுத்த இடத்திலும் நிறைகல்லின் பெயர் இருக்கிறது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபடும் என்பதும், இன்று எழுதுவதை நாளை வேறொருவர் அளந்து பார்ப்பார் என்பதும் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கர்னலில் வகையின் பெயர் செய்யும் வேலையும் அதுதான்.

கர்னலுக்கென்று தேர்ந்த மரக்கால்கள் இருக்கின்றன. புதிதாக எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம். வன்பொருளின் ரெஜிஸ்டர் 32 பிட் என்றால் யு32. நினைவகத்தில் இருக்கும் ஒன்றின் அளவு என்றால் சைஸ்-டி. படித்த பைட்களின் எண்ணிக்கை அல்லது பிழை என்று இரண்டில் ஒன்று வரக்கூடிய விடை என்றால், குறியுள்ள எஸ்சைஸ்-டி. கோப்புக்குள் எந்த இடம் என்பது எப்போதும் 64 பிட் உள்ள எல்ஆஃப்-டி. வெற்றி என்றால் பூஜ்யம், தோல்வி என்றால் கழித்தல் எண் என்று மட்டும் சொல்லும் ஃபங்ஷனுக்கு இன்ட். மெய்நிகர் முகவரிக்கு அன்சைன்ட் லாங். ஆனால் நினைவகச் சில்லின் உண்மையான முகவரிக்கு அது கூடாது. ஃபிஸ்-அட்ரஸ்-டி என்று தனி வகை உண்டு. 32 பிட் ஆர்ம் கணினி சிலவற்றில் பாயிண்டர் 32 பிட்தான், உண்மை முகவரியோ 40 பிட். அங்கே அன்சைன்ட் லாங்கில் போட்டால் மேல் 8 பிட் காணாமல் போகும். உங்கள் 64 பிட் மடிக்கணினியில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் அது வெளியே வராது.

கர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையே போகும் ஸ்ட்ரக்ட்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே லாங் என்ற வகையைத் தொடவே தொடாதீர்கள். 32 பிட் நிரலுக்கு அது 4 பைட், 64 பிட் கர்னலுக்கு 8 பைட். அகலம் நிச்சயமான வகைகளைப் போட்டாலும் இன்னொரு வலை உண்டு. ஒரு யு32-ஐ வைத்து அதற்கடுத்து ஒரு யு64-ஐ வைத்தால், 32 பிட் எக்ஸ்86-இல் ஸ்ட்ரக்ட்டின் அளவு 12 பைட். 64 பிட்டில் நடுவே 4 பைட் காலியிடம் விழுந்து 16 பைட் ஆகும். அந்தக் காலியிடத்தை நீங்களே ஒரு பெயர் கொடுத்து நிரப்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவைப் பார்க்கும்.

அடுத்தது, காலம். உங்களில் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸாக இருக்கும். சென்னை சி-டாக் உருவாக்கியது அது; அதன் அடித்தளம் டெபியன். அந்த டெபியன் 2024-இல் ஒரு பெரிய வேலையைச் செய்தது. 32 பிட் ஆர்ம் கணினிகளுக்கான ஆயிரக்கணக்கான பொதிகளை, நேரத்தை 64 பிட்டில் வைக்கும்படி மறுபடி கட்டியது. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளைக் குறியுள்ள 32 பிட்டில் எண்ணினால், 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு எண் தீர்ந்துபோகும். அடுத்த விநாடி அந்தக் கணினியின் நாட்காட்டி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

டைம்-டி என்ற ஒரு வகையை அகலமாக்கினால் தீர்ந்தது என்று தோன்றும். அது அவ்வளவு எளிதாக இல்லாததற்கு ஒரு காரணம் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே அசட்டை. நேரத்தை டைம்-டி என்றே எழுதி வைத்த இடங்களைக் கண்டுபிடிப்பதாவது எளிது. இன்ட்டிலும் லாங்கிலும் யு32-இலும் எழுதி வைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் கையால் தேடவேண்டி வந்தது: சிஸ்டம் கால்களில், ஐஓகன்ட்ரோல் ஸ்ட்ரக்ட்களில், கோப்பு முறைமைகளில், டிரைவர்களில். ஆர்ன்ட் பெர்க்மன் முன்னின்று, பலர் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2019-இல் வந்த 5.1 கர்னலில் 64 பிட் நேரத்துக்கான புதிய சிஸ்டம் கால்கள் வந்தன. 2020 மார்ச்சில் வந்த 5.6-இல்தான் 32 பிட் கணினிகளுக்கு இந்த வேலை பெருமளவு முடிந்தது. வகையின் பெயரைச் சீராக வைத்திருந்தால் அந்த உழைப்பில் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

சென்னையில் ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய சக்தி செயலியில் விளையாட ஆசைப்படுகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பேராசிரியர் காமகோடி தலைமையில் நடந்த அந்தத் திட்டத்தின் சில்லில் 2018-இலேயே லினக்ஸ் பூட் ஆனது. சக்தி ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே வகை விஷயத்தில் இன்னொரு வலை உண்டு: வெறுமனே சார் என்று எழுதினால், உங்கள் மடிக்கணினியின் எக்ஸ்86-இல் அது குறியுள்ளது. ரிஸ்க்-ஃபைவிலும் ஆர்மிலும் குறியற்றது. சாரில் மைனஸ் 1 வைத்துவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழா என்று கேட்டால், மடிக்கணினி ஆமாம் என்னும், சக்தி இல்லை என்னும். அதே கோடு, அதே கம்பைலர்! இந்தக் குழப்பத்தை ஒழிக்க ஜேசன் டோனன்ஃபெல்ட் முயற்சி எடுத்தார். 2023 பிப்ரவரியில் வந்த 6.2 முதல், எல்லாச் செயலிகளிலும் கர்னலின் சார் குறியற்றதாகவே கம்பைல் ஆகிறது. நீங்கள் அதையும் நம்பி இருக்க வேண்டாம். எழுத்து என்றால் மட்டும் சார். சிறிய எண் என்றால் எஸ்8 அல்லது யு8 என்று வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

"அண்ணா, எல்லாவற்றையும் யு64 ஆக்கிவிட்டால் வம்பே இல்லையே" என்று ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. அகலமான வகை எப்போதும் பாதுகாப்பானதல்ல. 32 பிட் செயலியில் 64 பிட் எண்ணைப் பொதுவாக ஒரே மூச்சில் படிக்க முடியாது. ஒரு பாதியைப் படித்து மறுபாதிக்குப் போவதற்குள் வேறொரு கோர் அதை மாற்றிவிட்டால், என்றுமே இருந்திராத ஓர் எண் உங்கள் கையில் இருக்கும். அதனால்தான் டிக்குகளை எண்ணும் ஜிஃபீஸின் 64 பிட் வடிவத்தைப் படிக்கக் கர்னலில் தனி ஃபங்ஷனே இருக்கிறது. 64 பிட் வகுத்தலுக்கும் 32 பிட் கணினியில் தனி வழி தேவை. இதற்கெல்லாம் மேல், பிழை எண் வரக்கூடிய இடத்தில் யு64 வைத்தால் ஏரி உணரியில் நடந்த அதே கதைதான், எண் மட்டும் இன்னும் பெரிதாக இருக்கும். பொருளுக்குப் பொருந்தும் வகையைத் தேர்ந்து, அதை வழிநெடுகக் காப்பாற்றுவதற்குக் குறுக்கு வழி இல்லை.

இந்த ஒழுங்கைக் காக்கக் கர்னல் எழுதியவர்கள் எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கமான ஜிஃபீஸ் ஓர் அன்சைன்ட் லாங். 32 பிட் கணினியில், விநாடிக்கு 100 டிக் என்றால், 497 நாளில் அது நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பத்தில் மட்டும் தலைகாட்டும் பிழையை யார் 497 நாள் காத்திருந்து பிடிப்பது? ஆகவே, பூட் ஆகி ஐந்தே நிமிடத்தில் திரும்பும்படி ஜிஃபீஸின் தொடக்க எண்ணை வைத்தார்கள். இரண்டு நேரங்களில் எது பிந்தியது என்று பார்க்கும் டைம்-ஆஃப்டர் மேக்ரோ, இரண்டுமே அன்சைன்ட் லாங்தானா என்று முதலில் சோதிக்கிறது. ஒன்று இன்ட்டாக இருந்தால் கம்பைலர் உடனே எச்சரிக்கும். மின், மேக்ஸ் மேக்ரோக்களும் இப்படித்தான். நெடுங்காலம் வகை பொருந்தாவிட்டாலே கத்தின. இப்போது சற்றுத் தளர்ந்து, குறியுள்ளதும் குறியற்றதும் மோதும் இடத்தில் தடுக்கின்றன. அந்தச் சத்தம் வந்தவுடன் வாயை அடைக்க ஒரு காஸ்ட் போட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த எச்சரிக்கை வந்தால் இரண்டில் ஒரு மாறியின் வகை பிறந்த இடத்திலேயே தவறு என்று பொருள். அங்கே போய்த் திருத்துங்கள்.

கர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. யு32 பாணி வகைகளையும் சி99 வகைகளையும் அது ஏற்கிறது. ஆனால், ஏற்கெனவே இருக்கும் கோடில் கைவைக்கும்போது அங்கே எந்தப் பாணி இருக்கிறதோ அதையே பின்பற்று என்கிறது. உங்களுக்குப் பிடித்த பாணியைப் பிறர் கோப்பில் பாதியில் நுழைக்காதீர்கள். மாற்றவே வேண்டும் என்று பட்டால், முழுக் கோப்புக்கும் தனிப் பேட்ச் போட்டு, காரணத்தை எழுதி அனுப்புங்கள்.

கடைசியாக, கருவிகள். மேக் கட்டளையோடு டபிள்யூ=1 சேர்த்து ஒருமுறை கட்டிப் பாருங்கள். டபிள்யூ=2 கொடுத்தால் இன்னும் நிறையப் பேசும்; என்றுமே பலிக்காத அந்தப் பூஜ்யச் சோதனை போன்றவை பல கர்னல் பதிப்புகளில் அதில் அகப்படும். சி=1 கொடுத்தால் ஸ்பார்ஸ் ஓடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் எழுதத் தொடங்கிய கருவி அது. வட்டிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வந்த எண்ணை, பைட் வரிசை மாற்றாமல் சாதாரண யு32-இல் போட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும். இவை பிடிப்பது ஒரு பங்குதான். ஒரு சைஸ்-டி அளவு சத்தமில்லாமல் இன்ட்டுக்குள் நுழைவதை வழக்கமான கர்னல் பில்ட் எச்சரிக்கைகள் சொல்லாது. சீக்வோயா அந்த வழியாகத்தான் வந்தது. அங்கே உங்கள் கண்தான் கருவி.

ஆகவே புதிதாக எதுவும் எழுதும் முன், நீங்கள் ஏற்கெனவே எழுதிய டிரைவர் ஒன்றை எடுங்கள். அதில் ஒரே ஓர் அளவைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு நீளம், ஒரு நேரம், அல்லது உணரியின் ஓர் எண். அது ரெஜிஸ்டரில் பிறந்தது முதல் பயனர் நிரலைச் சேர்வது வரை எத்தனை ஃபங்ஷன்களைக் கடக்கிறது, ஒவ்வொன்றிலும் என்ன வகையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வகை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் இருக்கிறதா, சரிபார்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தைத் திருத்தி, அந்தப் பேட்சை முதலில் அனுப்புங்கள். சிறிய பேட்ச்தானே என்று தயங்க வேண்டாம். 2014-இல் யாராவது அப்படி ஒன்றை அனுப்பியிருந்தால், 2021-இல் உலகமே இரவோடு இரவாகக் கர்னலை மாற்ற ஓடியிருக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
வேங்கிக்கால், திருவண்ணாமலை